வரிமுடிவு: ஒரு சொல் விளக்கம்

எளிய உரைக்கோப்பு ஒன்றில் ஒரு வரி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கணினிக்குச் சொல்லும் குறிதான் வரிமுடிவு. அது கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் கோப்புக்குள் மற்ற எழுத்துகளைப் போலவே இடம் பிடித்திருக்கும். எண்ணினால் கணக்கில் வரும். விண்டோஸில் அது இரண்டு எழுத்து. லினக்ஸிலும் இன்றைய மாக்கிலும் ஒரே எழுத்து. ஒரு முறைமையில் எழுதிய கோப்பு இன்னொன்றில் ஒழுங்காக வேலைசெய்ய, சொற்களைத் தொடாமல் இந்தக் குறியை மட்டும் மாற்றிக்கொள்வதை வரிமுடிவு மாற்றம் என்கிறோம்.

தமிழில் கணினி வேலை செய்கிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் வீட்டுக் கணினியில் பெரும்பாலும் விண்டோஸ்தான். கணினி படிக்கிற பிள்ளை கொஞ்ச நாளில் லினக்ஸுக்கும் போகவேண்டிவரும். அந்தப் பிள்ளை விண்டோஸில் ஒரு தமிழ்ச் சொற்பட்டியலை வரிக்கு ஒரு சொல்லாகத் தட்டச்சுச் செய்து, லினக்ஸில் ஒரு சிறு ஷெல் நிரலுக்கு (கட்டளைகளை வரிசையாக எழுதிய நிரலுக்கு) கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘பனை’ பட்டியலில் இருக்கிறது. நிரலோ இல்லை என்கிறது. சொல்லின் நீளத்தைக் கேட்டால் 3 வரவேண்டிய இடத்தில் 4 வருகிறது. ப, ன, ஐகாரக் குறி, அதன் பின்னால் யாரும் காணாத இன்னொரு எழுத்து. இப்படி நடந்தால் நம்மவர்கள் முதலில் சந்தேகப்படுவது, எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யுனிகோடை. யுனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவோடு பட்ட பாடு அப்படி. ஆனால் இதில் தமிழுக்கும் எழுத்துருவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆங்கிலப் பட்டியலிலும் இதே கோளாறு வரும்.

அந்த நான்காவது எழுத்துக்கு, ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் எண் கொடுக்கும் அஸ்கி அட்டவணையில் எண் 13. ஆங்கிலத்தில் அதன் பெயர் கரிஜ் ரிட்டேர்ன், சுருக்கமாக சிஆர். அதற்குத் துணையாக வருவது எண் 10, லைன் ஃபீட், அதாவது எல்எஃப். இரண்டு பெயர்களும் ரைப்ரைட்டர் வழியாக வந்தவை.

கையால் அடிக்கும் ரைப்ரைட்டரில் கடதாசியைச் சுற்றிய உருளை ஒரு ஏந்தியில் இருக்கும். அந்த ஏந்திதான் கரிஜ். ஒவ்வொரு எழுத்துக்கும் ஏந்தி இடப்பக்கமாக ஒரு படி நகரும். வரி முடிந்ததும் நெம்புகோலைப் பிடித்துத் தள்ளினால் உருளை ஒரு வரி சுழலும், ஏந்தி பழைய இடத்துக்குத் திரும்பும். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, சிங்கப்பூரில் வாழ்ந்தபோது தமிழ் ரைப்ரைட்டருக்கு விசைப்பலகை வகுத்த ஆர். முத்தையாவை இந்த இடத்தில் நினைக்காமல் போகமுடியாது. புள்ளியையும் விசிறியையும் (கி, கீ போன்றவற்றின் மேல்வளைவையும்) எழுத்தின் மேலேயே பொறிக்க வேண்டுமென்றால் ஏந்தி நகரக்கூடாது. அதற்காக அமைந்தவைதான் நகரா விசைகள். ஏந்தி எப்போது நகரவேண்டும், எப்போது நிற்கவேண்டும் என்ற கேள்விக்கு நம் எழுத்தை வைத்து விடை கண்டவர் நம்மூர்க்காரர் என்பதில் எனக்கு மிகுந்த பெருமை.

கையால் ஒரே தள்ளலில் முடிந்த வேலையை, கம்பி வழியாக வரும் எழுத்துகளைக் கடதாசியில் அடிக்கும் தொலை அச்சுப்பொறிகள் இரண்டு கட்டளையாகப் பிரித்தன. ஏந்தியைத் தொடக்கத்துக்குக் கொண்டுவருவது ஒன்று, கடதாசியை ஒரு வரி தள்ளுவது மற்றது. 1963இல் வந்த டெலிடைப் 33 என்ற அத்தகைய பொறி விநாடிக்கு 10 எழுத்து அடிக்கும். வரியின் கடைசியிலிருந்து தொடக்கத்துக்குத் திரும்ப அதற்கு ஓர் எழுத்தின் நேரம் போதாது. எனவே 13ஐ முதலில் அனுப்பி, உடனே 10ஐ அனுப்பினால், கடதாசி நகரும் நேரத்தில் ஏந்தியும் வந்து சேர்ந்துவிடும்.

அப்புறம் வழிகள் பிரிந்தன. யுனிக்ஸுக்கு முந்திய மல்டிக்ஸ் முறைமை, கோப்பில் 10 மட்டும் போதும், அச்சிடும்போது தேவையானதைச் சாதனத்துக்கான நிரல் சேர்த்துக்கொள்ளும் என்று முடிவுசெய்தது. யுனிக்ஸ் அதையே எடுத்தது, லினக்ஸும் அவ்வழியே. சிறு கணினிகளுக்கான பழைய முறைமையான சிபிஎம் இரண்டையும் கோப்பிலேயே வைத்தது. அதிலிருந்து எம்எஸ்-டொஸ், அதிலிருந்து விண்டோஸ். பழைய மாக், 9ஆம் பதிப்பு வரை, 13 மட்டும் எழுதியது. 2001இல் வந்த மாக் ஓஎஸ் எக்ஸ் யுனிக்ஸ் வழிக்கு மாறியது. மின்னஞ்சலை அனுப்பும் நெறிமுறை இன்றும் இரண்டையும் கேட்கிறது. விண்டோஸின் நோட்பேட் 10 மட்டும் உள்ள கோப்பை வரிவரியாகக் காட்டத் தொடங்கியது 2018இல்தான். அதற்கு முன் லினக்ஸ் கோப்பு அதில் ஒரே நீள வரியாகக் கிடக்கும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? லைன் ஃபீடைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘வரியூட்டல்’ வரும். ஊட்டுவதற்கு இங்கே எதுவும் இல்லை. நடப்பது அடுத்த வரிக்கு இறங்குவது. கரிஜ் என்பதை ‘வண்டி’ என்று பெயர்த்தால் படிக்கிற பிள்ளைக்கு ஒன்றுமே விளங்காது. செயலைப் பார்த்துப் பெயர் வைப்பதே நல்லது. 13க்குத் ‘தலைமீளல்’, வரியின் தலைக்கு மீள்வது. 10க்கு ‘வரியிறக்கம்’. இந்த இரண்டு சொல்லையும் சேர்த்துப் படிப்பித்தால், விண்டோஸ் ஏன் இரண்டு எழுத்து வைத்திருக்கிறது என்பது பெயரிலேயே தெரிந்துவிடும். எந்த முறைமையானாலும் பொதுப்பெயர் ‘வரிமுடிவு’. ‘வரிமுறிவு’ என்று எழுதுவோரும் உண்டு; ஆனால் பக்கத்தின் அகலம் போதாமல் திரையில் வரி தானாக மடிவதையும் அந்தச் சொல் குறிக்கக்கூடும் என்பதால் நான் தவிர்க்கிறேன். அந்த மடிப்புக்குக் கோப்பில் எழுத்தே கிடையாது. ‘அடிமுடிவு’ என்பதும் பொருந்தாது. அடி சீர்க்கணக்கால் அமைவது. ஏட்டில் செய்யுளை அடி பிரிக்காமல் தொடர்ந்து எழுதிப்போவார்கள், அடி அங்கே இருக்கத்தான் செய்யும். வரி என்பது எழுத்து விழும் இடத்தைப் பொறுத்தது.

மாற்றுவது கடினமில்லை. விஎஸ் கோட் என்ற உரைத்தொகுப்பி திரையின் வலது கீழ் மூலையில் சிஆர்எல்எஃப் அல்லது எல்எஃப் என்று காட்டும்; அதைச் சொடுக்கி மாற்றிச் சேமித்தால் போதும். கோப்புகள் பலவென்றால் லினக்ஸில் டொஸ்-டு-யுனிக்ஸ் என்ற சிறு நிரல் உண்டு. கையால் தேடி மாற்றுவதாயின் 13, 10 இரண்டையும் ஒரு சோடியாகத் தேடுங்கள். தனித்தனியாக இரண்டையும் வரிமுடிவாக மாற்றினால் ஒவ்வொரு வரிக்கும் இடையே ஒரு வெற்று வரி முளைக்கும். படங்களையும் சுருக்கிக் கட்டிய சிப் (zip) கோப்புகளையும் இந்த மாற்றத்துக்குக் கொடுக்கவே கூடாது. பிஎன்ஜி என்ற பட வடிவத்தை வகுத்தவர்கள் கோப்பின் முதல் எட்டு பைட்டுக்குள் (ஒரு பைட் என்பது 0 முதல் 255 வரை ஓர் எண்) 13, 10 சோடியையும் ஒரு தனி 10ஐயும் வேண்டுமென்றே வைத்தார்கள். யாராவது உரை என்று நினைத்து மாற்றினால் கெட்டுப்போனது உடனே தெரிந்துவிடும்.

நம் நாட்டில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். யுனிகோடு எழுத்துகளைக் கோப்பில் பைட்டுகளாக எழுதும் முறைகளில் ஒன்றான யுடிஎஃப்-8இல் தமிழ் எழுத்தின் பைட்டுகள் எல்லாம் 128 அல்லது அதற்கு மேற்பட்டவை. 10ஓ 13ஓ உள்ளே வர வழியில்லை, எனவே மாற்றம் தமிழைத் தொடாது. இந்த எழுத்துகளுக்கு இரண்டிரண்டு பைட் வைக்கும் யுடிஎஃப்-16 முறையில் நிலைமை வேறு. அதில் ஒவ்வொரு சிங்கள எழுத்தின் ஒரு பைட்டும் 13தான், ஏனென்றால் யுனிகோடில் சிங்களத் தொகுதி அந்த எண்ணில் தொடங்குகிறது. தமிழுக்கு அந்த இடத்தில் 11. தமிழும் சிங்களமும் கலந்த யுடிஎஃப்-16 கோப்பு ஒன்றில், பைட்டை மட்டும் பார்க்கிற கட்டளையால் 13ஐ நீக்கினால், சிங்கள எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பாதியை இழக்கும், பின்னால் வருகிற தமிழும் இடம் பிசகும். அத்தகைய கோப்பை முதலில் யுடிஎஃப்-8க்கு மாற்றிச் சேமித்துவிட்டு, அதன்பிறகே வரிமுடிவில் கைவையுங்கள்.