ரோபோ திரும்பி வந்து கதவைத் தட்டினால்

ரோபோவுக்கு பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சிறு செய்தி) அடித்தால் பதில் வருகிறது. பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் ஏற்றுக்கொள்கிறது. கோப்புப் பட்டியலைக் கேட்டால் மட்டும் அப்படியே நின்றுவிடுகிறது. கேபிளை இரண்டு முறை மாற்றியும் பலனில்லை, ஏன்? தொழிற்சாலை ரோபோவிலிருந்து லேப்டாப்பில் பேக்கப் எடுக்க முயல்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பிங்குக்குப் பதில் வந்தபோதே கேபிள் நிரபராதி என்று தெரிந்துவிட்டது.

அடிப்படையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ரோபோ கன்ட்ரோலரின் (ரோபோவை இயக்கும் கணினிப் பெட்டி) ஈதர்நெட் துளைக்கும் லேப்டாப்புக்கும் இடையே ஒரு கேபிள். (இதற்கு கிராஸ் கேபிள்தான் வேண்டும் என்பது பழைய நம்பிக்கை, இன்றைய லேப்டாப்புகளின் ஈதர்நெட் சிப் அனுப்பும் கம்பி எது, பெறும் கம்பி எது என்று தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.) டீச் பென்டன்ட்டில் (ரோபோவை இயக்கக் கையில் பிடிக்கும் திரைப் பலகை) ரோபோவின் ஐபி முகவரியைப் பாருங்கள். அது 192.168.1.10 என்றால் லேப்டாப்புக்கு 192.168.1.20 கொடுங்கள், சப்நெட் மாஸ்க் இரண்டிலும் 255.255.255.0. முகவரி தராமல் விட்டால் லேப்டாப் யாராவது தருவார்களா என்று தேடிவிட்டு, 169.254 என்று தொடங்கும் ஒன்றைத் தானே சூட்டிக்கொள்ளும். ரோபோ அதைக் கண்டுகொள்ளாது. வைஃபையை அணைத்துவிடுங்கள். அதுவும் 192.168.1 வரிசையில் இருந்தால் எந்த வழியே அனுப்புவது என்ற குழப்பம் வரும். ரோபோவில் முகவரியை மாற்றினால், பல கன்ட்ரோலர்களை அணைத்துப் போட்ட பிறகே புதியது நடைமுறைக்கு வரும்.

இனி, நின்றுபோன பட்டியலுக்கு வருவோம். ரோபோக்கள் பலவும் கோப்புப் பரிமாற்றத்துக்கு இன்னும் நம்பியிருப்பது எஃப்டிபி என்ற பரிமாற்ற நெறிமுறையை. அபய் பூஷண் அதன் முதல் வரைவை எழுதியது 1971-இல். இந்த முறையின் விசித்திரம், அது ஒன்றல்ல, இரண்டு இணைப்புகளில் இயங்குகிறது என்பதே. முதல் இணைப்பு ரோபோவின் 21-ஆம் போர்ட்டுக்கு (போர்ட் என்பது ஒரே முகவரிக்குள் இருக்கும் எண்ணிட்ட கதவு). அதில் பேச்சு மட்டும்: நான் இன்னார், இந்தக் கோப்பைக் கொடு, சரி, முடிந்தது. சரக்கு அந்த வழியே வராது. ஒவ்வொரு கோப்புக்கும் புதிதாக இன்னொரு இணைப்பு திறக்கும். கோப்பு முடிந்ததும் மூடும். உண்மையில் அந்த மூடல்தான் "கோப்பு இவ்வளவுதான்" என்பதற்கான அடையாளமே! கோப்புப் பட்டியலும் சரக்குக் கணக்கில்தான் சேரும்.

அந்த இரண்டாவது இணைப்பை யார் திறப்பது? பழைய வழக்கப்படி, ரோபோ. லேப்டாப் தன்னிடம் ஒரு போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பேச்சு இணைப்பில் 192,168,1,20,195,149 என்று ஆறு எண்களைச் சொல்கிறது. முதல் நான்கும் முகவரி. கடைசி இரண்டும் போர்ட் எண்ணின் இரு பைட்டுகள்: 195-ஐ 256-ஆல் பெருக்கி 149-ஐக் கூட்டினால் 50069. ரோபோ தன் 20-ஆம் போர்ட்டிலிருந்து கிளம்பி லேப்டாப்பின் 50069-ஐத் தட்டுகிறது.

அங்கே காவலுக்கு நிற்பது லேப்டாப்பின் ஃபயர்வால், உள்ளே வரும் இணைப்புகளைத் தடுக்கும் மென்பொருள். உள்ளிருந்து தொடங்கிய பேச்சுக்கு வரும் பதிலை அது விடும். அதனால்தான் லாகின் நடந்தது. வெளியிலிருந்து தானாக வந்து தட்டுபவரை விடாது. போதாக்குறைக்கு, கேட்வே (வெளி நெட்வொர்க்குக்கு வழி தரும் கருவி) இல்லாத இந்த ஒற்றைக் கேபிளை விண்டோஸ் "அடையாளம் தெரியாத நெட்வொர்க்" என்று பொது இடக் கணக்கில் சேர்த்து, காவலை இன்னும் இறுக்கும். ரோபோ தட்டிச் சலித்து 425 என்ற பிழையைச் சொல்லும். அல்லது பேசாமல் காத்திருக்கும்.

ஃபயர்வாலையே அணைத்துவிடு என்பது பட்டறைகளில் ஓதப்படும் மந்திரம். வேலை முடிந்து அதைத் திரும்பப் போடுபவர்கள் குறைவு. எனக்கு அந்த வழி பிடிக்காது. பாசிவ் முறைக்கு மாற்றினால் போதும். இப்போது ரோபோ ஆறு எண்களைச் சொல்லும், லேப்டாப் போய்த் தட்டும். இரண்டு இணைப்பும் உள்ளிருந்தே தொடங்குவதால் காவலுக்கு ஆட்சேபம் இல்லை. விண்டோஸின் கறுப்புத் திரையில் ஓடும் எஃப்டிபி கட்டளைக்கு மட்டும் இந்த முறை தெரியாது. ஃபைல்ஜில்லா போன்ற எஃப்டிபி செயலி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நேர இணைப்புகளை 1 என்று குறைத்துவிடுங்கள், பல கன்ட்ரோலர்கள் அதிக இணைப்புகளைத் தாங்காது. ரோபோவுக்கே பாசிவ் தெரியாவிட்டால், ஃபயர்வாலில் அந்த ஒரு செயலிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

பட்டியல் வந்த மகிழ்ச்சியில் பரிமாற்ற வகையை மறந்துவிடக் கூடாது. எழுத்து வகையில் அனுப்பினால் வரி முடிவுகள் திருத்தப்படும்: வரி முடிவைக் குறிக்கும் 10 என்ற பைட்டுக்கு முன்னால் ஒரு 13 நுழையலாம். உரைக் கோப்புக்கு அது நல்லது. ரோபோ நிறுவனமான ஃபானுக்கின் டிபி போன்ற பைனரி நிரல் கோப்புக்கு அது நஞ்சு. பின்னொரு நாள் ரோபோவில் ஏற்றும்போதுதான் கோப்பு கெட்டது தெரியும். பைனரி என்று தேர்ந்தெடுத்து, இரு பக்கமும் கோப்பின் அளவு கடைசி பைட் வரை ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப்பிலிருந்து ரோபோவுக்கு அனுப்பும்போது, ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் மேல் எழுத முடியாது. அதை நிறுத்தி, வேறொரு நிரலைத் தேர்ந்தெடுத்த பின் அனுப்புங்கள். மூட்டுகளின் பூஜ்ய நிலையைப் பதிந்து வைக்கும் மாஸ்டரிங் கோப்பை மட்டும் ஒரு ரோபோவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் போடாதீர்கள்: அந்த நிலை ரோபோவுக்கு ரோபோ வேறு, கை நினைத்த இடத்துக்குப் போகாது.