முந்தாநாள் செய்த ஸ்குவாட்டும் லாக்டிக் அமிலத்தின் மேல் விழும் பழியும்

"லாக்டிக் ஆசிட் சேர்ந்துடுச்சு, மசாஜ் பண்ணி எடுத்து விடுங்க." பிசியோதெரபி அறைக்குள் வரும் பலர் நோயையும் சிகிச்சையையும் தாங்களே முடிவு செய்துகொண்டுதான் உட்காருகிறார்கள். விசாரித்தால், முந்தாநாள் ஸ்குவாட் செய்திருப்பார்கள். கடும் பயிற்சியில் ரத்தத்தில் கூடும் லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவம்), ஓய்வெடுத்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். இரண்டு நாள் கழித்து எடுத்துவிட அங்கே எதுவும் இருக்காது.

தசை சுருங்க ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு வேண்டும். கையிருப்பில் உள்ள ஏடிபி சில விநாடிகளுக்கே போதும். தீரத் தீர அதை உடனுக்குடன் மீட்டுத் தருவது கிரியேட்டின் பாஸ்பேட். முழு வேகத்தில் ஓடினால் அதுவும் பத்து விநாடிக்குள் பெருமளவு கரைந்துவிடும். அதற்குள்ளாகவே தசையில் சேமித்த கிளைகோஜன் (குளுக்கோஸின் சேமிப்பு வடிவம்), ஆக்சிஜன் இல்லாமலே வேகமாக உடைபடத் தொடங்கியிருக்கும். வேகம் உண்டு, வரவு குறைவு: ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு மூன்று ஏடிபிதான். செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனோடு எரிந்தால் சுமார் 30 கிடைக்கும், ஆனால் நிதானமாக. ஒன்று முடிந்து அடுத்தது என்று இவை வரிசையில் நிற்பதில்லை. மூன்றும் முதல் விநாடியிலிருந்தே ஓடுகின்றன, பங்குதான் மாறுகிறது. 800 மீட்டர் ஓட்டத்திலேயே பாதிக்கு மேல் ஆக்சிஜன் வழியில்தான் வருகிறது.

வேகமான அந்த வழியில் பிறப்பதுதான் லாக்டேட். அதைக் கழிவு என்று நினைக்கிறோம். ஆனால் இதயமும் பிற தசை இழைகளும் அதை எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. கல்லீரல் அதைத் திரும்பக் குளுக்கோஸாக்குகிறது. இந்தச் சுழற்சிக்கு அதைக் கண்டறிந்த விஞ்ஞானிகளான கோரி தம்பதியரின் பெயர்தான் இன்றும் வழங்குகிறது. அவர்கள் 1947லேயே நோபல் பரிசு வாங்கிவிட்டார்கள். பழி மட்டும் இன்னும் போகவில்லை!

அப்படியானால் வலி எதனால்? பாரத்தைத் தாங்கியபடி தசை நீளும்போது, அதாவது ஸ்குவாட்டில் கீழே இறங்கும்போதும், சரிவில் இறங்கி ஓடும்போதும், இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அதைத் தொடரும் அழற்சியே வலி. 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, தானே அடங்கும். அதே பயிற்சியைச் சில நாள் கழித்துச் செய்தால் வலி வெகுவாகக் குறைந்திருக்கும். மசாஜ் வலியைக் கொஞ்சம் தணிக்கும். என் தொழிலுக்கு எதிராகப் பேசுவதாக நினைக்க வேண்டாம், அமிலத்தை அது பிழிந்தெடுப்பதில்லை, அவ்வளவுதான்.

மீட்சிக்கு வருவோம். கிரியேட்டின் பாஸ்பேட் அரை நிமிடத்தில் பாதியளவும், மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் பெரும்பகுதியும் திரும்பிவிடும். கனமான செட்டுகளுக்கு நடுவே அவ்வளவு நேரம் உட்காருவது சோம்பேறித்தனம் இல்லை. கிளைகோஜன் நிரம்பப் போதிய மாவுச்சத்தோடு சுமார் ஒரு நாள் ஆகும். தசை சேதமடைந்திருந்தால் இன்னும் தாமதம். வலி இருக்கும் நாளில் கால் கனப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வேகமாக ஓடிவிட்டுச் சட்டென்று நிற்காதீர்கள். கால்களில் ரத்தம் தேங்கித் தலை சுற்றும். ஐந்து நிமிடமாவது நடந்துவிட்டு உட்காருங்கள்.

சாதாரண வலி அல்லாத ஒன்றும் உண்டு. நீண்ட இடைவெளிக்குப் பின் வந்து, முதல் நாளே ஒரே பயிற்சியை நூற்றுக்கணக்கில் செய்பவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். தசை வீங்கி, தாங்க முடியாத வலியோடு வலுவிழந்து, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் மசாஜுக்கு வராதீர்கள். தசை இழைகள் சிதைந்து, அவற்றின் புரதம் சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கியிருக்கலாம். நீர் வற்றிய உடலில் ஐபூப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் நிலைமையை மோசமாக்கும். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். என்ன பயிற்சி, எப்போது செய்தீர்கள், என்ன மாத்திரை போட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள். கிரியேட்டின் கைனேஸ் என்ற ரத்தப் பரிசோதனையிலேயே விஷயம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.