கடிபட்ட கன்னத்தை ஆற்றும் புரதங்களே புற்றையும் வளர்ப்பது எப்படி?

சாப்பிடும் அவசரத்தில் கன்னத்தின் உட்புறத்தைக் கடித்துக்கொண்டால் இரண்டு நாள் எரியும். ஒரு வாரம் போனால் தடம்கூட இருக்காது. கையில் அதே ஆழத்துக்கு வெட்டுப்பட்டால் இத்தனை சீக்கிரம் ஆறுவதில்லை. காரணங்களில் ஒன்று எச்சிலில் இருக்கிறது.

அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன் சுண்டெலியின் தாடைக்கீழ் உமிழ்நீர்ச் சுரப்பியின் சாற்றைப் பிறந்த குட்டிகளுக்கு ஊசியில் ஏற்றிப் பார்த்தார். இரண்டு வாரத்தில் திறக்க வேண்டிய கண்கள் ஒரு வாரத்திலேயே திறந்தன; பல்லும் முந்திக்கொண்டு முளைத்தது. அந்தச் சாற்றிலிருந்து அவர் பிரித்தெடுத்து 1962இல் அறிவித்த சின்னப் புரதம்தான், செல்களைப் பெருகவைத்துக் காயத்தை ஆற்ற உதவும் இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணி. 1986இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வெற்றிலைபாக்கு, புகையிலை, குட்கா ஆகியவற்றை அடக்கிவைக்கும் இடத்தில் வரும் கன்னப் புற்றையும் ஈறுப் புற்றையும் புரிந்துகொள்ள இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இந்த நோயில் வேலை செய்பவற்றில் பல, காயம் ஆற்றும் புரதங்களே. ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும் ஏற்பாடு மட்டும் கெட்டுப்போயிருக்கும்.

செல்லின் சவ்வில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற ஏற்பி நிற்கிறது. இ.ஜி.எஃப். வந்து ஒட்டியதும் இரண்டு ஏற்பிகள் ஜோடி சேர்ந்து, ஒன்றின் வாலில் மற்றொன்று பாஸ்பேட்டைக் குத்திவைக்கும். அந்தப் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு இணைப்புப் புரதங்கள் வந்து ராஸ் என்ற சுவிட்சைப் போடும். அதன்பின் ஒரு புரதம் அடுத்த புரதத்தை எழுப்பும்: ராஸ் ராஃபை எழுப்ப, ராஃப் மெக்கை எழுப்ப, மெக் எர்க்கை எழுப்பும். எர்க் உட்கருவுக்குள் போய் செல்பிரிவைத் தொடங்கிவைக்கும் சைக்ளின் டி1 புரதத்தின் உற்பத்தியைக் கூட்டும். செல் இரண்டாகப் பிரியத் தொடங்கும். நலமான செல்லில் இதை அணைக்கவும் ஆட்கள் உண்டு. ஏற்பி உள்ளே இழுக்கப்பட்டுச் சிதைக்கப்படும். ராஸ் தன்னோடு ஒட்டியிருக்கும் ஜி.டி.பி. (GTP) மூலக்கூறைத் தானே உடைத்து அணையும். எர்க்கின் பாஸ்பேட்டை என்சைம்கள் கழற்றிவிடும்.

புற்றில் இந்தச் சங்கிலி பல இடங்களில் பழுதாகிறது. ஏற்பி அளவுக்கு மீறிப் பெருகலாம். ராஸ் வகைகளில் ஒன்றான எச்ராஸின் மரபணுவில் 12ஆம் அல்லது 61ஆம் மூன்றெழுத்துத் தொகுதியில் (கோடான்) ஓர் எழுத்து மாறினால், சுவிட்ச் போட்டபடியே மாட்டிக்கொள்ளும். செல்லைச் சாகவிடாமல் காக்கும் ஏ.கே.டி. பாதை தனியாக முறுக்கேறலாம். பி53 என்ற காவல் புரதம் பெரும்பாலான நோயாளிகளிடம் ஏற்கெனவே செயலிழந்திருக்கும்.

ஆனால் எல்லாவற்றையும்விடக் குழப்பமானது டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணி. தொடக்கத்தில் இது பிரேக். பி15 என்ற புரதத்தை உண்டாக்கிச் செல்பிரிவை நிறுத்தும். பி15இன் மரபணு 9ஆம் குரோமோசோமில், செல்பிரிவை நிறுத்தும் மற்றொரு புரதமான பி16இன் மரபணுவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வாய்ப் புற்றில் அந்தத் துண்டு அடிக்கடி மொத்தமாகத் தொலைந்துபோகிறது. பிரேக் கம்பி அறுந்த பிறகும் டி.ஜி.எஃப்.-பீட்டா வந்துகொண்டேதான் இருக்கும். அதன் மற்ற வேலைகளும் நிற்காது. ஸ்நெய்ல், ஸ்லக் என்ற புரதங்களை அது கூட்டும். அவை செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைக்கும் ஈ-காதெரினை அடக்கிவிடும். பிடி தளர்ந்த செல்கள் எம்.எம்.பி. என்சைம்களால் அடித்தளச் சவ்வை அரித்துக்கொண்டு கீழே இறங்கும்.

பாக்கு டி.ஜி.எஃப்.-பீட்டாவை முன்பிருந்தே தூண்டிவிடுகிறது. அதனால் கன்னத்தில் நார்த்திசு படிகிறது. பாக்கில் உள்ள தாமிரம் லைசில் ஆக்சிடேஸ் என்சைமுக்குத் தீனி போட, கொலாஜன் இழைகள் குறுக்கே பின்னிக்கொள்கின்றன. வாய் மூன்று விரல் அளவுக்குக்கூடத் திறக்காமல் போவது இப்படித்தான். புகையிலை சேர்க்காத வெறும் பாக்குக்கும் இது பொருந்தும்.

ஆய்வகத்தில் இவற்றைக் கண்ணால் பார்க்கலாம். 4 மைக்ரான் தடிமனில் சீவிய திசுவில் ஈ-காதெரினுக்கு எதிரான ஆன்டிபாடியை இட்டுப் பழுப்பு நிறமேற்றினால், நலமான பகுதியில் செல்களின் ஓரங்கள் மீன்வலை போலத் தெரியும். புற்று ஊடுருவும் முனையில் வலை கிழிந்து, நிறம் மங்கித் தனித்தனிச் செல்கள் சிதறிக் கிடக்கும்.

விழித்திருக்கும் எர்க்கை, அதாவது பாஸ்பேட் ஏறிய எர்க்கைப் பார்ப்பதில்தான் ஏமாறுவார்கள். கட்டியை வெட்டி எடுத்த பிறகும் பாஸ்பேட்டைக் கழற்றும் என்சைம்கள் ஓய்வதில்லை. திசுவைக் கெடாமல் நிலைநிறுத்தும் ஃபார்மலினோ மணிக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் உள்ளிறங்கும். ஓரம் பழுப்பாகவும் நடுப்பகுதி வெறுமையாகவும் இருந்தால் அதைக் கட்டியின் இயல்பு என்று உடனே எழுதிவிடக் கூடாது. தாமதத்தின் தடமாகவே இருக்கலாம். 5 மில்லிமீட்டர் துண்டுகளாக அரிந்து உடனே ஃபார்மலினில் போட வேண்டும். கழுவுவதற்குப் பாஸ்பேட் கரைசலைவிடப் பாஸ்பேட் இல்லாத டிரிஸ் கரைசல் நல்லது.

இத்தனை தெரிந்தும் மருந்து ஏன் தடுமாறுகிறது? இ.ஜி.எஃப்.ஆர். ஏற்பியில் இ.ஜி.எஃப். ஒட்டும் இடத்தை அடைக்கும் செடுக்ஸிமாப் என்ற மருந்து, தலை-கழுத்துப் புற்றுக்கு 2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முந்தைய சிகிச்சை பலிக்காதவர்களுக்குத் தனியாகக் கொடுத்தபோது நூற்றில் சுமார் 13 பேருக்குத்தான் கட்டி சுருங்கியது. கீழே ராஸ் மாட்டிக்கொண்டிருந்தால் மேலே ஏற்பியை அடைத்துப் பயனில்லை. மெட் என்ற வேறோர் ஏற்பி வழியாகவும் அதே தகவல் போய்ச்சேரும்.

மருந்து ஏறியவர்களுக்கு முகத்திலும் மார்பிலும் முகப்பருபோலக் கொப்புளம் கிளம்பும். தோலும் அதே ஏற்பியை நம்பித்தான் இருக்கிறது. சிறுநீரகமும் அப்படியே; ரத்தத்தில் மக்னீசியம் இறங்கிவிடும். அதனால் சிகிச்சை முடிந்து குறைந்தது 8 வாரம் வரையிலும் அதை அளந்துகொண்டே இருக்க வேண்டும்.