செவ்வகங்கள் விட்டுவைக்கும் மிச்சம்

பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வளைவரைக்குக் கீழுள்ள பரப்பைச் செவ்வகங்களாகப் பிரித்துக் கூட்டுகிறோம். எவ்வளவு மெல்லிய செவ்வகமாக இருந்தாலும் வளைவின் ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கத்தானே செய்யும்? அப்படியிருக்க, விடை துல்லியமானது என்று எப்படிச் சொல்கிறார்கள்?" பாடநூல்கள் இரண்டு வரிகளில் தாண்டிப் போய்விடும் இடத்தில் நின்று கேட்கப்பட்ட கேள்வி இது.

ஒரு வரைபடத்தாளை எடுத்து, 10 செ.மீ. பக்கமுள்ள சதுரம் ஒன்றை வரைந்துகொள்ளுங்கள். அதன் இடது கீழ்மூலையில் தொடங்கி வலது மேல்மூலையில் முடியும் பரவளையம் ஒன்றையும் வரையுங்கள். இடது ஓரத்திலிருந்து எத்தனை செ.மீ. தள்ளி இருக்கிறோமோ, அந்த எண்ணின் வர்க்கத்தைப் பத்தால் வகுத்தால் அந்த இடத்தில் வளைவின் உயரம் கிடைக்கும். இனி அடிப்பக்கத்தை 1 செ.மீ. அகலமுள்ள பத்துப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் வளைவுக்குள் அடங்கும் செவ்வகம் ஒன்றையும், வளைவை முழுதும் மூடும் செவ்வகம் ஒன்றையும் வரைந்தால், உள்செவ்வகங்களின் கூடுதல் 28.5 சதுர செ.மீ. என்றும் வெளிச்செவ்வகங்களின் கூடுதல் 38.5 சதுர செ.மீ. என்றும் வரும். உண்மையான பரப்பு இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

இப்போது கத்தரிக்கோலை எடுங்கள். ஒவ்வொரு பட்டையிலும் உள்செவ்வகத்தின் உச்சிக்கும் வெளிச்செவ்வகத்தின் உச்சிக்கும் இடையே சிறிய துண்டு ஒன்று இருக்கிறது. வளைவு அதன் வழியாகத்தான் குறுக்கே ஏறிச் செல்கிறது. வாசகி சொல்லும் மிச்சமெல்லாம் இந்தத் துண்டுகளுக்குள் அடங்கிவிடும். முதல் துண்டின் உயரம் 0.1 செ.மீ., அடுத்தது 0.3, அதற்கடுத்தது 0.5, கடைசித் துண்டு 1.9. அகலமோ எல்லாவற்றுக்கும் 1 செ.மீ.தான். ஒவ்வொன்றையும் அதனதன் உயரம் மாறாமல் வலப்புறமாக நகர்த்தி, கடைசிப் பட்டைக்குள் கொண்டுபோய் வையுங்கள். ஒரு துண்டின் மேல்விளிம்பு எங்கே முடிகிறதோ, அங்கேதான் அடுத்த துண்டின் கீழ்விளிம்பு தொடங்குகிறது. ஆகவே ஒன்றின்மேல் ஒன்று ஏறாமலும் இடையில் சந்து விழாமலும், பத்துத் துண்டுகளும் அடியிலிருந்து உச்சிவரை ஒரே தூணாக அடுக்கி நின்றுவிடுகின்றன. அந்தத் தூணின் அகலம் 1 செ.மீ., உயரம் 10 செ.மீ., பரப்பு 10 சதுர செ.மீ.; இரண்டு கூடுதல்களின் வித்தியாசமும் அதுவே. வளைவோரம் முழுக்கச் சிதறிக் கிடந்த பிழை, அளந்து பார்க்கக்கூடிய ஒரே செவ்வகமாகக் கைக்கு வந்துவிட்டது.

பட்டையின் அகலத்தை 1 மி.மீ. ஆக்கினால் துண்டுகள் நூறாகப் பெருகும். ஆனாலும் அவை அடுக்கும் தூணின் உயரம் அதே 10 செ.மீ.தான், அகலம் மட்டும் 1 மி.மீ.க்குச் சுருங்கிவிடும். மிச்சங்களின் எண்ணிக்கை கூடுவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணத்தை நான் கண்டதில்லை. நியூட்டன் 1687-இல் வெளியிட்ட பிரின்சிபியாவின் முதல் புத்தகத்தில், இரண்டாம் துணைத்தேற்றமாக வருவது இந்தத் தூண்தான். அவர் வரைந்த வளைவு இறங்குமுகமானது என்பதால் துண்டுகள் இடப்பக்கம் போய் அடுக்கிக்கொள்கின்றன. ஏறி இறங்கும் வளைவாக இருந்தால், திரும்பும் இடத்தில் வெட்டி இரண்டு தூண்களாக அடுக்கிக்கொள்ளலாம்.

நூறு பட்டைகளுக்கு உள்கூடுதல் 32.835, வெளிக்கூடுதல் 33.835. சதுரத்தின் மொத்தப் பரப்பு 100 சதுர செ.மீ.; அதில் மூன்றில் ஒரு பங்கைவிட, அதாவது 33.333...-ஐவிட, குறைந்த எந்த எண்ணை நீங்கள் சொன்னாலும், பட்டைகளை மேலும் மெலிதாக்கி உள்கூடுதலால் அதைத் தாண்டிவிட முடியும். கூடுதலான எந்த எண்ணைச் சொன்னாலும் வெளிக்கூடுதல் அதற்குக் கீழே இறங்கிவிடும். இரு பக்கமும் இப்படி நெருக்கப்பட்ட பின் பரப்புக்கு எஞ்சும் இடம் ஒன்றே ஒன்று. எந்தச் செவ்வக அடுக்கும் துல்லியமானதன்று, ஆனால் விடை துல்லியமானது.

இந்த மூன்றில் ஒரு பங்கு, வர்க்க எண்களின் கூடுதலிலிருந்து வருகிறது. 16-ஆம் நூற்றாண்டில் கேரளத்தில் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷா, இத்தகைய கூடுதல்களைச் 'சங்கலிதம்' என்ற பெயரில் படிப்படியாகக் காரணம் காட்டி விளக்குகிறது. வேதத்திலேயே எல்லாம் இருக்கிறது என்று மேடையில் முழங்குவதற்குக் கிடைக்கும் ஆதரவில் ஒரு பகுதியாவது, ஓலைச்சுவடிகளைப் படிக்கத் தெரிந்த ஆய்வாளர்களுக்குக் கிடைத்தால் நன்றாயிருக்கும்.

பத்துப் பட்டைகளிலேயே நெருங்கிவர வேறொரு வழியும் உண்டு. செவ்வகத்தின் உயரத்தை ஓரத்தில் எடுக்காமல் பட்டையின் நடுவில் எடுத்தால், ஒரு பாதியில் விடுபடுவதை மறுபாதியில் மிகுவது ஏறக்குறைய ஈடுகட்டிவிடும், கூடுதல் 33.25 என்று வரும். ஆற்றின் நீரோட்டத்தை அளக்கும் பொறியாளர்கள் இதற்கு நெருங்கிய முறையைத்தான் கையாள்கிறார்கள். ஆற்றின் அகலத்தில் ஆங்காங்கே நின்று ஆழத்தைப் பார்த்து, ஆழம் குறைவான இடங்களில் நீர்மட்டத்திலிருந்து ஆழத்தில் பத்தில் ஆறு பங்கு கீழே நீரோட்டமானியை இறக்கி வேகத்தைக் குறித்து, அந்த அளவீட்டை இருபுறமும் அடுத்த இடத்துக்குப் பாதித் தொலைவுவரை செல்லும் பட்டை முழுமைக்கும் பொருத்திப் பெருக்கிக் கூட்டுகிறார்கள். ஆற்றின் படுகைக்குச் சூத்திரம் எதுவும் இல்லை. அங்கே செவ்வகங்கள் மட்டுமே உண்டு.