சுன்: சீன மலையோவியக் கலைச்சொல்

மலைநீர் ஓவியங்கள் எனப்படும் சீன இயற்கைக்காட்சி ஓவியங்களில், பாறையின் புறக்கோட்டுக்கு உள்ளே மைத்தூரிகையால் அடுக்கடுக்காக இடப்படும் கீற்றுகளுக்குச் 'சுன்' என்று பெயர். அவற்றை இடும் முறையைச் 'சுன்ஃபா' என்பர். 'ஃபா' என்றால் முறை அல்லது நெறி. சீன ஒலிப்பில் இச்சொல் 'த்சு' என்பதற்கு நெருக்கமாகத் தொடங்கும். மெய்யெழுத்து மொழிக்கு முதலில் வராது என்னும் நம் மரபை ஒட்டிச் 'சுன்' என்று எழுதுவதே தகும். 'cun' என்னும் ரோமன் எழுத்துக்கூட்டலைப் பார்த்துக் 'குன்' என்று எழுதுவது பிழை.

சொல்லின் பழம்பொருள் ஓவியத்தைச் சார்ந்ததன்று. கடுங்குளிரில் கையும் முகமும் வறண்டு, தோல் சொரசொரத்து வெடிப்பதைத்தான் இது குறித்தது. சீனப் பேச்சில் அப்பொருள் இன்றும் வழங்குகிறது. எழுத்தின் வடிவமும் இதற்குச் சான்று: இடப்பகுதி ஒலியைக் காட்ட, வலப்பகுதியில் 'தோல்' என்னும் எழுத்தே நிற்கிறது. மலையை உயிருள்ள உடலாகக் கண்ட ஒரு மரபில் இச்சொல் பாறைக்கு ஏறியது இயல்பானதே. வட சோங் அரசமரபுக் காலத்து ஓவியர் குவோ ஷியின் கருத்துகளாக அவர் மகன் தொகுத்த நூல், நீரை மலையின் குருதிநாளங்கள் என்றும், புல்லையும் மரங்களையும் அதன் மயிர் என்றும் சொல்கிறது. காற்றும் மழையும் பனியும் காலகாலமாக அறைந்த பாறையின் மேற்பரப்பு அவ்வுடலின் வெடித்த தோல் ஆயிற்று.

பழைய மலையோவியங்களில் இந்தக் கீற்று பெரும்பாலும் இல்லை. மெல்லிய கோட்டால் மலையின் வடிவை வரைந்து, உள்ளே நீலமும் பச்சையுமான கனிம வண்ணங்களை நிரப்பினார்கள். மலையை வண்ணத்தால் அல்லாமல் மையால் சொல்ல முற்பட்டபோது, வெற்றாக நின்ற உட்பரப்புக்கு ஒரு மொழி தேவைப்பட்டது. பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளில் அம்மொழி முதிர்ந்தது. வேலையின் வரிசையும் அதற்கேற்ப அமைந்தது. முதலில் புறக்கோடு, அடுத்துச் சுன், பின்னர் உலர்ந்த தூரிகையால் தேய்ப்பு, அதன்மேல் நீர்த்த மைப்பூச்சு, கடைசியில் பாசியும் புதரும் தோன்றப் புள்ளிகள்.

இதை நிழற்கோடு என்று கருதுவோர் உண்டு. அது தவறான புரிதல் என்பதே என் உறுதியான கருத்து. நிழற்கோடு ஒரு திசையிலிருந்து விழும் ஒளியைக் கணக்கிட்டு இருண்ட பக்கத்தைக் காட்டுவது. சுன் ஒளியைக் கணக்கிடுவதில்லை. பாறை எதனால் ஆனது, எப்படிப் பிளந்தது, எவ்வளவு மண் போர்த்தியிருக்கிறது என்பதையே அது சொல்கிறது. அதோடு, தூரிகை பிடித்த கையின் வேகமும் அழுத்தமும் கீற்றில் அப்படியே பதிவதால், மலையின் இயல்பும் ஓவியரின் மனநிலையும் ஒரே கோட்டில் தெரிகின்றன.

இரண்டு வகைகளை அருகருகே வைத்தால் இது விளங்கும். ஓவியர் தோங் யுவானின் பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் சணல்நார்ச் சுன், யாங்சி ஆற்றுக்குத் தெற்கே உள்ள மண்மூடிய, மென்மையான குன்றுகளுக்கு உரியது. தூரிகையைச் செங்குத்தாகப் பிடித்து, நுனி கோட்டின் நடுவிலேயே செல்லும்படி, நீண்டு தளர்ந்த கீற்றுகளை இழுப்பார்கள். உலரவிட்ட நார்கள் சரிந்து கிடப்பதுபோல் அவை ஒன்றன்மேல் ஒன்று படியும். ஹுவாங் கோங்வாங்கின் 'ஃபூச்சுன் மலைகளில் வாழ்தல்' என்னும் தாள்சுருள் இம்முறையின் உச்சம். 1350இல் அதில் தம் குறிப்பை எழுதியபோது அவர் எண்பது வயதைக் கடந்திருந்தார். அவசரமே இல்லாத அந்தக் கீற்றுகள் மலையின் அமைதியோடு அவருடைய முதுமையையும் காட்டுகின்றன. 1650இல் அதன் உரிமையாளர் சாகும் தறுவாயில் அதைத் தீயிலிடச் செய்ய, மீட்கப்பட்ட இரு துண்டுகளில் ஒன்று ஹாங்சோவிலும் மற்றது தைபேயிலும் இன்று இருக்கின்றன.

கோடாலிவெட்டுச் சுன் இதற்கு நேர்மாறானது. தூரிகையைச் சாய்த்து, அதன் வயிற்றுப்பக்கம் பரப்பில் உராயும்படி, மரத்தில் கோடாலி பாய்வதுபோல் வெட்டி இழுப்பது. கீற்றின் ஒரு முனை அகன்றும் மறுமுனை கூர்ந்தும் அமையும். கோணங்களாகப் பிளந்த கடும்பாறைக்கு இதுவே பொருந்தும். தைபே தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள லி தாங்கின் பைன்மரக் காற்று ஓவியம் 1124ஆம் ஆண்டினது. அதன் பாறைகளில் இந்த வெட்டைத் தெளிவாகக் காணலாம். அவருக்குப் பின் மா யுவானும் சியா குவையும் இதைப் பெரிதாக்கி, ஈரம் மிகுந்த சில வீச்சுகளாகச் சுருக்கினர்.

மற்ற பெயர்களும் கண்ணால் கண்டதிலிருந்தே வந்தவை: ஃபான் குவானின் மழைத்துளி, குவோ ஷியின் மேகச்சுருள், வாங் மெங்கின் மாட்டுமயிர், நி சானின் மடித்த நாடா. பிற்காலத்தில் பட்டியல்கள் நீண்டு, 1679இல் வெளிவரத் தொடங்கிய 'கடுகுவிதைத் தோட்டம்' போன்ற அச்சுக் கையேடுகளில் பாடமாகவும் ஆயின. சுன் சிகரத்திலிருந்தே பிறக்க வேண்டும் என்று ஓவியத் துறவி ஷிதாவ் எழுதியது, மலையைப் பாராமல் பெயரை மட்டும் மனப்பாடம் செய்வோருக்கு இன்றும் பொருந்தும் மறுமொழி.

இனித் தமிழ்ச்சொல். 'இழைநயக் கோடு' என்று பெயர்க்கலாம், ஆனால் அதில் தோலும் இல்லை, வெடிப்பும் இல்லை. 'நரை திரை' என்னும் வழக்கில் உள்ள 'திரை' தோற்சுருக்கத்தைக் குறிக்கும் அருமையான சொல்தான். ஆனால் அது மூப்பின் சுருக்கம், குளிரின் வெடிப்பன்று. தனியே நின்றால் இன்றைய வாசகருக்குத் திரைப்படமே நினைவுக்கு வரும். 'வெடிப்பு' என்பதோ பித்தவெடிப்பு என்று நாள்தோறும் சொல்லும் சொல். வறண்ட நிலத்துக்கும் பாறைக்கும் அதுவே வழங்குகிறது. அதோடு 'வரி'யைச் சேர்க்கலாம். 'வரி' கோட்டைக் குறிக்கும் பெயர். வினையாக வரும்போது எழுதுதல், சித்திரம் தீட்டுதல் என்னும் பொருள்களும் அதற்கு உண்டு. சீனத்தில் 'சுன்' கீற்றையும் அதை இடும் செயலையும் ஒருங்கே குறிப்பதால், இந்த இரட்டைப் பயன் நமக்கு மிகவும் வேண்டியது.

ஆகவே 'வெடிப்புவரி' என்பதை நான் முன்மொழிகிறேன். 'சுன்ஃபா' வெடிப்புவரி முறை ஆகும். செயலைச் சொல்ல 'பாறையை வெடிப்புவரி இட்டு முடித்தார்' எனலாம். வகைகளைச் சொல்லும்போது முன்னொட்டே பொருளைத் தெளிவாக்கிவிடுவதால், 'சணல்நார் வரி', 'கோடாலிவெட்டு வரி', 'மழைத்துளி வரி' என்னும் குறுவடிவங்கள் போதும். கட்டுரையில் முதன்முறை வரும் இடத்தில் மட்டும் 'சுன் என்னும் வெடிப்புவரி' என்று இரண்டையும் சேர்த்து எழுதுவது நல்லது.