காலை எடுத்தால் சுழலும் கார்

கிளிநொச்சியில் ஒரு கறாச்சில் காத்திருந்தபோது, அங்கே வேலை பழகும் பெடியன் போனில் கார் ரேஸ் விளையாடிக்கொண்டிருந்தான். ஒரே முடக்கில் நாலு தரம் கார் சுழன்று மதிலில் முட்டியது. “அண்ணை, எஞ்சின் நடுவில இருந்தா கார் சோக்காத் திரும்பும் எண்டுறாங்கள். பிறகேன் இப்பிடிச் சுத்துது?” என்றான்.

இதை விளங்கப்படுத்த ரேஸ் ஓடுபாதை தேவையில்லை, சைக்கிள் போதும்.

யூரியாப் பையைச் சைக்கிள் பாருக்குள் செருகிக் கொண்டுபோகிறவரையும், அதே பாரமுள்ள நீளத் தடியைச் சைக்கிளோடு நீட்டுக்குக் கட்டிக் கொண்டுபோகிறவரையும் பாருங்கள். முடக்கில் தடிக்காரர்தான் படாத பாடு படுவார். ஓரங்களில் கிடக்கும் பாரம் லேசில் திரும்பாது. திரும்பத் தொடங்கினால் லேசில் நிற்கவும் செய்யாது. பள்ளிக்கூடத்தில் படித்த சடத்துவத் திருப்பம் இதுதான். எஞ்சினை ஓட்டுநருக்கும் பின் அச்சுக்கும் இடையில் வைத்தால் கார் யூரியாப் பைக்காரர் மாதிரி. ஸ்ரியரிங்கைத் தொட்டதும் திரும்பும். சுழலத் தொடங்கினாலும் அதே வேகம்தான்.

1958இல் ஆர்ஜென்ரீனா கிராண்ட் பிறீயில் ஸ்டெர்லிங் மொஸ், எஞ்சின் முதுகுக்குப் பின்னால் இருந்த சின்னக் கூப்பர் காரில் வென்றார். அடுத்த இரண்டு வருடமும் ஜாக் பிரபாம் கூப்பரிலேயே உலகச் சம்பியன். அதோடு கிராண்ட் பிறீ ரேஸ்களில் முன்னால் எஞ்சின் வைத்த கார்களின் காலம் முடிந்தது.

எஞ்சினை நடுவில் வைப்பதற்குத் திரும்புவது மட்டும் காரணமில்லை, பிறேக்கும்தான். 1,400 கிலோ காரொன்றை எடுப்போம். முன் பின் அச்சுகளுக்கு இடையில் 2.5 மீற்றர், புவியீர்ப்பு மையம் நிலத்திலிருந்து 45 சென்ரிமீற்றர். 1 ஜி, அதாவது புவியீர்ப்புக்குச் சமமான அளவுக்குப் பிறேக் பிடித்தால் 252 கிலோ பாரம் பின்னாலிருந்து முன்னுக்கு மாறும். எஞ்சின் முன்னால் இருந்து, பின் சில்லுகளில் 45 வீதம், அதாவது 630 கிலோ இருந்தால், மிஞ்சுவது 378. நடுவில் எஞ்சின் இருந்து பின்னால் 58 வீதம் என்றால் 812 கிலோ, 560 மிஞ்சும். பின் ரயர்களும் நிலத்தைப் பிடித்துப் பிறேக்குக்கு உதவும். வெறும் சைக்கிளில் முன் பிறேக்கை இறுக்கினால் பின்சில்லு கிளம்பும். கரியலில் நெல்மூட்டை இருந்தால் கிளம்பாது அல்லவா?

ஆனால் அந்த மூட்டையோடு கிறவல் ரோட்டில் திரும்பிப் பாருங்கள். முன்சில்லில் பாரம் போதாது. கான்டிலைத் திருப்பினாலும் சைக்கிள் நேரே வழுக்கும். எனக்கு இது நடந்து, முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது.

நடுவில் எஞ்சின் உள்ள காருக்கும் வில்லங்கம் இங்கேதான். முடக்கில் அவசரப்பட்டு அக்சிலேட்டரை மிதித்தால் காரின் முன்பக்கம் நேரே வழுக்கும். ஓட்டுநர் ஸ்ரியரிங்கை இன்னும் ஒடிப்பார். அதுவும் சரிவராமல் பயந்து காலை எடுப்பார். உடனே பாரம் முன்னுக்குப் பாயும்; ஏற்கெனவே அளவுக்கு மிஞ்சி ஒடித்த முன்சில்லுகள் திடீரென்று பிடிக்கும். அதே கணத்தில் பின் சில்லுகளில் பாரம் குறையும். போதாதென்று எஞ்சின் இழுத்துப் பிடிப்பதும் அந்தப் பின் சில்லுகளைத்தான். ரயருக்கு இருப்பது ஒரே பிடி: வேகம் குறைக்கச் செலவானது திரும்புவதற்குக் கிடைக்காது. பின்பக்கம் வெளியே வீசும். எதிர்ப்பக்கம் ஸ்ரியரிங் ஒடித்துப் பிடிக்கலாம், ஆனால் கை பிந்தினால் கதை முடிந்தது.

கைதேர்ந்தவர்கள் பிறேக்கை ஒரேயடியாக விடுவதில்லை. முடக்குக்குள் போகப்போக மெல்ல மெல்லத் தளர்த்தி, முன்சில்லுகளில் பாரத்தைக் கொஞ்சம் வைத்திருப்பார்கள். கார் நிமிர நிமிரத்தான் அக்சிலேட்டர். இடையில் காலைச் சடாரென்று எடுப்பதேயில்லை.

பெடியனுக்கு இதைச் சொன்னேன். ஐந்தாம் தரம் முடக்கைத் தாண்டினான், ஆறாம் தரம் திரும்பவும் மதில். அவனில் முழுப் பிழையுமில்லை. உண்மையான காரில் பின்பக்கம் நழுவுவதைக் கண்ணுக்கு முன்னமே சீற்றில் இருக்கும் இடுப்பு அறிந்துவிடும். போனுக்கு அது தெரியாது.