ஒன்றரை வரி இடைவெளி எல்லா வரியிலும் ஒன்றரையாக இருப்பதில்லை, ஏன்?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து எழுதியிருக்கும் வாசகர் ஒருவர், வாய்க்கால் பாசனத்தைப் பின்புலமாகக் கொண்ட தம் நாவலை ஆகஸ்டில் வரும் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குள் நூலாக்கிவிட வேண்டும் என்று முனைந்திருக்கிறார். கோப்பு முழுவதற்கும் ஒன்றரை வரி இடைவெளி கொடுத்திருந்தும், வருணனை வரும் பக்கங்களில் வரிகள் நெருக்கமாகவும் உரையாடல் வரும் பக்கங்களில் விலகியும் தெரிகின்றனவே, இது ஏன் என்பது அவருடைய கேள்வி. அவர் அனுப்பிய பக்கத்தை அளவுகோல் வைத்துப் பார்த்தேன். “ஏனுங் மாமா, தண்ணி கட்டியாச்சுங்களா?” என்ற வரி, மற்ற வரிகளைவிட ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக விலகி நிற்கிறது. டி.டி.பி. செய்பவரிடம் கேட்டதற்கு, “யூனிகோடு தமிழென்றால் அப்படித்தான் வரும்” என்று சொல்லிவிட்டாராம். யூனிகோடு என்பது, எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் ஒருங்குறி முறை.

பத்தியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. என்டர் விசையைத் தட்டும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி கோப்பில் பதிகிறது. பத்தியின் முதல் வரி எவ்வளவு உள்தள்ளியிருக்க வேண்டும், வரிகளுக்கிடையே எவ்வளவு இடம் வேண்டும், அடுத்த பத்திக்கு முன் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பவையெல்லாம் அந்தப் பத்தியோடு சேர்த்துச் சேமிக்கப்படுகின்றன. பத்திகளுக்கிடையே இடம் வேண்டுமென்று என்டரை இருமுறை தட்டுவது, உள்ளே எதுவுமில்லாத இன்னொரு பத்தியை உருவாக்குவதாகும். அந்த வெற்றுப் பத்திக்கும் எழுத்துரு உண்டு, உயரம் உண்டு. பக்கத்தின் உச்சியில் அது போய் நின்றால் காரணமின்றி ஒரு வரி காலியாகக் கிடக்கும். பத்தி அமைப்பில் ‘பின் இடைவெளி’ என்று இருப்பதை ஒருமுறை நிரப்பி, அதை ‘ஸ்டைல்’ என்னும் பத்தி அமைப்புத் தொகுப்பாகச் சேமித்துக்கொண்டால் போதும்.

வரி இடைவெளியின் கதைதான் சுவையானது. ஒன்றரை என்று நாம் கொடுக்கும்போது, எழுத்தின் அளவைப் போல ஒன்றரை மடங்கு என்று நினைத்துக்கொள்கிறோம். எம்.எஸ். வேர்டின் கணக்கு வேறு. அதன் கோப்புக்குள் ஒற்றை இடைவெளி 240 என்றும் ஒன்றரை 360 என்றும் எழுதப்படுகிறது. அந்த 240 என்பது ஒரு வரியின் ‘இயல்பான உயரத்தை’ 240 கூறுகளாகப் பிரித்த கணக்கு. இயல்பான உயரம் எவ்வளவு என்பதை மென்பொருள் முடிவு செய்வதில்லை, எழுத்துருவே சொல்கிறது. எழுத்துரு ஒவ்வொன்றின் உள்ளேயும், எழுத்துகள் அமர்ந்திருக்கும் ஆதாரக் கோட்டுக்கு மேலே எவ்வளவு இடம் வேண்டும், கீழே எவ்வளவு இடம் வேண்டும் என்று எண்கள் பதிந்திருக்கும். ‘கி’, ‘கீ’ போன்றவற்றின் சுழியும் மெய்யெழுத்தின் புள்ளியும் மேலே ஏற, ‘பு’, ‘பூ’, ‘ழு’ போன்றவற்றின் காலும் வளைவும் கீழே இறங்குவதால், தமிழ் எழுத்துருவை வடிவமைப்பவர் இரு பக்கமும் தாராளமாகவே இடம் கேட்பார். ஆங்கில எழுத்துகளை மட்டும் மனத்தில் வைத்து வடிவமைத்தவர் கீழ்ப்பக்கத்தில் அவ்வளவு கேட்கமாட்டார்.

ஒரே வரியில் இரண்டு எழுத்துருக்கள் கலந்துவிட்டால் என்ன நடக்கும்? கணக்கு எளிதாக இருக்கட்டும் என்பதற்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். தமிழ் எழுத்துரு ஆதாரக் கோட்டுக்கு மேலே 11 புள்ளியும் கீழே 5 புள்ளியும் கேட்கிறது, மொத்தம் 16 (இங்கே புள்ளி என்பது ‘பாயிண்ட்’ என்னும் அச்சு அளவு). இலத்தீன் எழுத்துரு மேலே 13, கீழே 3 கேட்கிறது, அதுவும் 16தான். இரண்டும் 16 என்பதால் கலந்தாலும் 16தானே என்று தோன்றும். ஆனால், எல்லா எழுத்துகளும் ஒரே ஆதாரக் கோட்டில் அமர்ந்தாக வேண்டும் என்பதால், மென்பொருள் மேற்பக்கத்தின் பெரிய எண்ணையும் கீழ்ப்பக்கத்தின் பெரிய எண்ணையும் தனித்தனியே எடுத்துக் கூட்டுகிறது: 13 உடன் 5, ஆக 18. சோளமும் மஞ்சளும் அருகருகே நிற்கும் காட்டை நுனி முதல் கிழங்கு வரை ஒரே படத்தில் காட்ட வேண்டுமென்றால், மண்ணுக்கு மேலே சோளத்தின் உயரத்துக்கும் மண்ணுக்குக் கீழே மஞ்சள் கிழங்கின் ஆழத்துக்கும் இடம் விட்டாக வேண்டும் அல்லவா, அதே கணக்குதான் இது.

இதோடு முடிந்திருந்தால் பலரும் கவனித்திருக்கவே மாட்டார்கள். இந்த 16, 18 என்ற எண்களின் மேல்தான் ஒன்றரை வந்து பெருக்குகிறது. தனித் தமிழ் வரிக்கு 24 புள்ளி, கலந்த வரிக்கு 27 புள்ளி. அச்சுக் கணக்கில் ஒரு புள்ளி என்பது அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. ஆகவே மூன்று புள்ளி என்பது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். வாசகரின் பக்கத்தில் அளவுகோல் காட்டியதும் இந்த அளவைத்தான்.

உரையாடல் வரியில் ஆங்கிலச் சொல் ஒன்றுகூட இல்லையே என்று கேட்கலாம். மேற்கோள்குறி இருக்கிறது. வேர்டில் ஒவ்வொரு உரைத்துண்டுக்கும் ஓர் எழுத்துரு மட்டும் இருப்பதில்லை. இலத்தீனுக்கு ஒன்று, தமிழ் போன்ற சிக்கலான எழுத்துமுறைகளுக்கு ஒன்று எனத் தனித்தனி அறைகள் இருக்கின்றன. லிப்ரே ஆபீஸிலும் இப்படித்தான். ‘ஏ’ என்ற எழுத்து தமிழ் என்பதில் ஐயமில்லை. மேற்கோள்குறி, எண், ‘...’ என்ற முப்புள்ளிக் குறி, நீள்கோடு ஆகியவையோ எந்த மொழிக்கும் உரியவையல்ல. அவை எந்த அறைக்குப் போகும் என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். தட்டியது தானாகவே வளைந்த மேற்கோள்குறியாக மாறும் இடத்திலும், வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்து ஒட்டிய உரையிலும் இலத்தீன் எழுத்துரு நுழைந்துவிடுவது மிகுதி. வாசகரின் கோப்பில் அந்த வரியின் மேற்கோள்குறியை மட்டும் தெரிவு செய்து, மேலே எழுத்துருப் பெட்டியைப் பார்த்தபோது, அவர் ஒருபோதும் தேர்ந்தெடுக்காத ஓர் ஆங்கில எழுத்துருவின் பெயர் அங்கே இருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், கண்ணுக்குத் தெரியாத சொல்லிடைவெளிக்கும் பத்தியிறுதிக் குறிக்கும்கூட எழுத்துரு உண்டு. மையே படாத அவையும் வரியின் உயரத்தைக் கூட்டிவிட முடியும். பத்தியின் கடைசி வரி மட்டும் விலகி நின்றால் முதலில் அந்தக் குறியைத்தான் ஐயப்பட வேண்டும்.

டி.டி.பி. செய்பவரின் கூற்றிலும் அனுபவம் இல்லாமலில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் வடிவங்கள் இலத்தீன் எழுத்துகளின் இடத்திலேயே அமர்ந்திருந்ததால், கணினி அவற்றை ஆங்கிலமாகவே எண்ணிக்கொண்டது. எல்லாம் ஒரே அறையில் இருந்தன, வரிகள் பிசகவில்லை. அதற்கு நாம் கொடுத்த விலை, தேடவும் அகரவரிசைப்படுத்தவும் முடியாத கோப்புகள். ஒருங்குறி தமிழுக்கு ஒத்துவராது என்பது, ராகுகாலத்தில் வேலையைத் தொடங்கினால் விளங்காது என்பதைப் போன்ற நம்பிக்கையாகவே எனக்குப் படுகிறது. 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோதுதான் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. நல்ல முடிவு. இனி, மாநாட்டுப் பந்தலுக்கு ஆகும் செலவில் சிறு பங்கையாவது ஒதுக்கி, தமிழ் எழுத்துருக்களின் மேல்-கீழ் எண்களைப் புழக்கத்திலுள்ள மென்பொருள்களில் சோதிக்கும் வேலையைக் கல்லூரி மாணவர்களிடம் கொடுக்கலாம் என்பது என் கருத்து. கவர்ச்சியில்லாத ஆய்வு என்பதால்தான் இதற்குப் பணம் கேட்க யாரும் துணிவதில்லை போலும்.

வாசகர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். தமிழோடு இலத்தீன் எழுத்துகளும் குறிகளும் ஒருங்கே உள்ள எழுத்துரு ஒன்றைத் தேர்ந்து, பத்தி ஸ்டைலின் இரண்டு அறைகளிலும் அதையே போட்டுவிட வேண்டும். அதன் பிறகும் பிசகினால், வரி இடைவெளியில் ‘மடங்கு’ (Multiple) என்பதை விட்டு ‘சரியாக’ (Exactly) என்ற முறைக்கு மாறி, 12 புள்ளி எழுத்துக்கு 20 அல்லது 21 புள்ளி என்று கொடுக்கலாம். எழுத்துருக்கள் என்ன கேட்டாலும் வேர்டு அப்போது செவிசாய்க்காது. மிகவும் குறைத்தால் ‘கீ’யின் சுழி வெட்டுப்படும், மேல் வரிப் ‘பூ’வின் வளைவு கீழ் வரிப் புள்ளியோடு ஒட்டும், அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரு பக்கத்தைத் தாளில் எடுத்துப் பார்ப்பது நல்லது.

ஸ்க்ரிவெனர் போன்ற நாவல் மென்பொருளில் எழுதுபவர்கள், எழுதும் திரையில் தெரியும் இடைவெளியும் தொகுத்து வெளியிடும்போது வரும் இடைவெளியும் வெவ்வேறாக இருக்கலாம் என்பதையும் கவனிக்க வேண்டும். தொகுப்பு அமைப்பில் கொடுப்பதே நூலுக்குப் போகும். மின்னூலில் ஒன்றரை என்பதன் பொருளே வேறு. அங்கே அது எழுத்தின் அளவைத்தான் பெருக்கும்: 12 புள்ளிக்கு 18 புள்ளி. வேர்டில் 24 புள்ளியாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது நெருக்கமாகத் தெரியும், 1.7 வரை உயர்த்திக்கொள்ளலாம்.

நாவலில் வாய்க்காலின் வரைபடம் ஒன்றும் வருகிறது என்று வாசகர் குறிப்பிட்டிருக்கிறார். ‘சரியாக 20 புள்ளி’ என்று அமைத்த பத்திக்குள் படத்தை எழுத்தோடு எழுத்தாக வைத்தால், அந்த 20 புள்ளி உயரத்துக்கான கீற்று மட்டுமே தெரியும். வரைபடம் இருக்கும் பத்திக்கு மட்டும் ஒற்றை இடைவெளி கொடுத்துவிட்டால் படம் முழுமையாக வந்துவிடும்.